நழுவி ஏறும் வண்டி

தமிழ்நாட்டிலிருந்து கேரளத்துக்குள் நுழைய மேற்குத் தொடர்ச்சி மலை இரண்டு வகை வாசல்களை வைத்திருக்கிறது. ஒன்று வாளையார். நீலகிரிக்கும் ஆனைமலைக்கும் நடுவே முப்பது, நாற்பது கிலோமீட்டர் அகலத்துக்கு மலை வழிவிட்ட இடம் அது. தேசிய நெடுஞ்சாலை 544 அந்த இடைவெளிக்குள் சமவெளிச் சாலையாகவே போய்ப் பாலக்காட்டில் இறங்குகிறது. இன்னொன்று இடுக்கி மாவட்டத்தின் கிழக்கு விளிம்பில் இருக்கும் போடிமெட்டு, கம்பம்மெட்டு, குமுளி. அங்கே மலை வழிவிடவில்லை. சாலைதான் கொண்டை ஊசி வளைவுகளாக மடிந்து மடிந்து ஏறவேண்டியிருக்கிறது. இந்த இரண்டு வாசல்களுக்கும் இடையே ஓர் ஆட்டோமேட்டிக் வண்டி போனால், அதன் கியர்பெட்டிக்குள் இருக்கும் டார்க் கன்வெர்ட்டர் முதல் வாசலில் ஏறக்குறைய தூங்கிக்கொண்டிருக்கும். இரண்டாவதில் முழு உழைப்பும் அதனுடையதாக இருக்கும். அந்தக் கன்வெர்ட்டரின் ‘நழுவல்’ பெட்ரோலைத் தின்னும் குறை என்று வண்டி வாங்குபவர்கள் பேசிக்கொள்கிறார்கள். சமவெளிச் சாலையை மட்டும் பார்த்துச் சொல்லும் தீர்ப்பு அது. மலைச்சாலையில் அந்த நழுவலே ஒரு கியர். எவ்வளவு நழுவலாம் என்று வடிவமைத்தவர் வைத்த எல்லைக்குத்தான் ஸ்டால் வேகம் என்று பெயர்.

வாளையாரைத் தாண்டியதும் வரும் கஞ்சிக்கோட்டில் நின்று பார்த்தால் இந்தப் பொறியின் தத்துவம் கண்ணெதிரே சுழல்கிறது. கேரள மின்வாரியம் 1995-ல் அமைத்த காற்றாலைகள் அங்கே இருக்கின்றன. இரண்டு மலைச்சுவர்களுக்கு நடுவே நெருக்கப்பட்டு வரும் காற்று, எந்தச் சங்கிலியும் பல்சக்கரமும் இல்லாமல் இறக்கையைத் தள்ளுகிறது. டார்க் கன்வெர்ட்டருக்குள்ளும் நடப்பது இதுதான். காற்றுக்குப் பதில் எண்ணெய். எஞ்சினோடு பிணைந்த பம்ப் எண்ணெயை வீசுகிறது, எதிரே கியர்பெட்டியோடு பிணைந்த டர்பைன் அந்த வீச்சை வாங்கிச் சுழல்கிறது. இரண்டும் ஒன்றையொன்று தொடுவதே இல்லை. இப்போது ஒரு காற்றாலையின் இறக்கையைப் பிரேக் போட்டு நிறுத்திவிட்டதாக எண்ணிக்கொள்ளுங்கள். காற்று வீசிக்கொண்டே இருக்கும். இறக்கையின் மீது அழுத்தம் இருந்துகொண்டே இருக்கும். சுழற்சி மட்டும் இருக்காது. ஸ்டால் என்பது அந்த நிலை. நம் ஊரில் கிளட்சைச் சட்டென்று விட்டால் வண்டி ‘ஆஃப்’ ஆகிவிடுகிறதே, அதையும் ஆங்கிலத்தில் இதே சொல்லால் குறிப்பதால் குழப்பம் வருகிறது. இங்கே எஞ்சின் அணைவதில்லை. சக்கரம் அசையாமல் நிற்க, எஞ்சின் தன் முழு மூச்சோடு ஓடுகிறது. ஆக்சிலரேட்டரை முழுதாக மிதித்தும் சக்கரத்தை நகரவிடாமல் பிடித்தால், எஞ்சின் எத்தனை ஆர்.பி.எம். வரை ஏறி அதற்கு மேல் ஏற முடியாமல் நிற்கிறதோ, அதுவே ஸ்டால் வேகம். சாலை வண்டிகளில் இது பெரும்பாலும் 2,000-ஐ ஒட்டிய எண்.

வெறும் பம்பும் டர்பைனும் இருந்தால் கொடுத்த முறுக்குவிசைதான் திரும்பக் கிடைக்கும். ஒரு துளிகூட அதிகமாகாது. கூடுதலாகக் கிடைப்பதற்குக் காரணம் நடுவில் நிற்கும் ஸ்டேட்டர். டர்பைனை மோதிவிட்டுத் திரும்பும் எண்ணெய், பம்பின் சுழற்சிக்கு எதிர்த்திசையில் வருகிறது. ஸ்டேட்டரின் தகடுகள் அதை மடக்கி, பம்புக்குச் சாதகமான திசையில் அனுப்புகின்றன. ஸ்டேட்டர் கியர்பெட்டியின் கூட்டில் ஊன்றி நிற்பதால் அந்த ஊன்றலிலிருந்து எழும் எதிர்விசை டர்பைனின் கணக்கில் சேர்கிறது. சக்கரம் நிற்கும்போது சுமார் இரண்டு மடங்கு முறுக்குவிசை கிடைப்பது இப்படித்தான். இதைக் கண்டுபிடித்த ஹெர்மன் ஃபோட்டிங்கர் என்ற ஜெர்மானியப் பொறியாளருக்குக் கார் நினைவிலேயே இல்லை. கப்பல் கட்டும் நிறுவனமான வுல்கனில் வேலை செய்தவர் அவர். வேகமாகச் சுழலும் நீராவி டர்பைனை மெதுவாகச் சுழலவேண்டிய கப்பல் விசிறியோடு இணைக்க வழி தேடினார். ஒரு பம்பையும் ஒரு நீர்டர்பைனையும் குழாயால் இணைத்தால் குழாயிலேயே பாதி சக்தி போய்விடும். அதனால் குழாயை எடுத்துவிட்டு இரண்டையும் ஒரே கூட்டுக்குள் எதிரெதிரே வைத்தார். 1905-ல் காப்புரிமை பெற்றார். கார்களுக்கு இது வந்து சேர்ந்தது வெகு காலம் கழித்து, 1948-ல் ப்யூக்கின் டைனாஃப்ளோவில்.

இந்தக் கூட்டின் விட்டத்தில் ஒரு வியப்பு இருக்கிறது. காற்று எவ்வளவு வேகத்தில் வீசவேண்டும் என்பதைக் காற்றாலை தீர்மானிப்பதில்லை. கன்வெர்ட்டரோ தன் காற்றைத் தானே உண்டாக்கிக்கொள்கிறது. விட்டம் கூடினால் விளிம்பின் வேகமும் கூடுகிறது, வீசும் எண்ணெயின் அளவும் கூடுகிறது, நெம்புகோலின் நீளமும் கூடுகிறது. எல்லாம் பெருகி, அது தாங்கும் முறுக்குவிசை விட்டத்தின் ஐந்தாம் அடுக்கில் போகிறது; சுழற்சி வேகத்தின் இரண்டாம் அடுக்கில் போகிறது. விட்டத்தைப் பத்து சதவீதம் குறைத்தால் தாங்கும் திறன் நாற்பது சதவீதம் சரிகிறது. ஸ்டால் வேகம் 2,200-லிருந்து 2,860-க்கு அருகே தாவுகிறது. எஞ்சின் தரும் முறுக்குவிசையும் கன்வெர்ட்டர் தாங்கும் முறுக்குவிசையும் சமமாகும் இடம்தான் ஸ்டால்; ஆகவே ஸ்டால் வேகம் கன்வெர்ட்டருக்கு மட்டுமே சொந்தமான எண் கிடையாது. அதே கன்வெர்ட்டரை வலுவான எஞ்சினின் பின்னால் பொருத்தினால் எண் உயரும், சோர்ந்த எஞ்சினின் பின்னால் பொருத்தினால் தாழும்.

பாலக்காட்டுச் சமவெளியில் இதெல்லாம் வெளியே தெரிவதில்லை. அறுபது, எழுபது கிலோமீட்டர் வேகத்தில் சீராகப் போகும் வண்டியில் டர்பைன் ஏறக்குறைய பம்பின் வேகத்தை எட்டியிருக்கும். ஸ்டேட்டர் தன் ஒருவழிக் கிளட்சில் சும்மா சுழன்றுகொண்டிருக்கும். மிச்சமிருக்கும் சிறு நழுவலையும் லாக்-அப் கிளட்ச் மூடிவிடும். அந்நேரம் எஞ்சினுக்கும் சக்கரத்துக்கும் நடுவே இரும்புப் பிணைப்புதான் இருக்கிறது. மைலேஜ் வாதத்துக்கு இங்கேயே பாதி விடை கிடைத்துவிடுகிறது. பழைய வண்டிகளில் லாக்-அப் இல்லாத காலத்தில் எழுந்த குற்றச்சாட்டை இன்றைய வண்டியின் மீதும் சுமத்துகிறோம். மறு பாதி நகரப் போக்குவரத்தைப் பற்றியது, அதை ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும்: நின்று நின்று கிளம்பும்போது நழுவலில் சக்தி போகிறது. ஆனால் போகும் சக்தி என்ன வாங்கித் தருகிறது என்று கேட்க, பாலக்காட்டிலிருந்து தெற்கே நெம்மாறைக்குத் திரும்பவேண்டும்.

நெம்மாறையைத் தாண்டிப் போத்துண்டி அணையைக் கடந்ததும் நெல்லியாம்பதி மலை தொடங்குகிறது. வயலும் பனையும் சட்டென்று பின்னால் போய், காடும் வளைவும் வந்துவிடுகின்றன. கேரள அரசுப் பேருந்து எதிரே வரும்; சாலை இரண்டு வண்டிகளுக்குச் சற்றுக் குறுகல். குறுகிய மலைச்சாலையில் இறங்கும் வண்டிதான் ஏறும் வண்டிக்கு வழிவிட வேண்டும் என்பது 2017-ஆம் ஆண்டின் ஓட்டுநர் விதிமுறையிலும் இருக்கிறது, அதற்கு முன்பிருந்த பழக்கத்திலும் இருக்கிறது. அந்த விதியின் உள்ளே ஒரு பொறியியல் உண்மை பொதிந்திருக்கிறது: ஏற்றத்தில் நின்றுவிட்ட வண்டியை மறுபடி நகர்த்துவது கஷ்டம். எவ்வளவு கஷ்டம் என்று கணக்குப் போட்டுப் பார்க்கலாம். ஆள்களோடும் பெட்டிகளோடும் 1,800 கிலோ எடையுள்ள வண்டி, எட்டு சதவீத ஏற்றம். மலைச்சாலைகளுக்கு இந்தியச் சாலைப் பேரவை விதிவிலக்காக அனுமதிக்கும் உச்சமும் இதுவே. வண்டி பின்னால் உருளாமல் இருக்கவே சக்கரத்தில் சுமார் 450 நியூட்டன் மீட்டர் வேண்டும். முதல் கியரும் கடைசிப் பல்சக்கரமும் சேர்ந்து பதினைந்து மடங்கு பெருக்குவதாகக் கொண்டால், கியர்பெட்டிக்குள் 30 நுழைந்தால் போதும். கன்வெர்ட்டர் அதை இரண்டாகப் பெருக்குவதால் எஞ்சின் தரவேண்டியது 15. 2,200-ல் 200 நியூட்டன் மீட்டரைத் தாங்கும் கன்வெர்ட்டர், எஞ்சின் சும்மா உறுமிக்கொண்டிருக்கும் 750 ஆர்.பி.எம்.மில் 23-ஐக் கடத்தும். ஏ.சி.யும் உராய்வும் எடுத்துக்கொண்டது போக, பிரேக்கிலிருந்து காலை எடுத்த அந்தக் கணத்தில் வண்டி பின்னால் போகாமல் நிற்பதற்கு இதுவே காரணம்.

இங்கே ‘ஆட்டோமேட்டிக்’ என்ற ஒற்றைச் சொல் செய்யும் தீங்கைச் சொல்லாமல் போக முடியாது. கிளட்ச் மிதி இல்லாத வண்டிகளையெல்லாம் அப்படியே அழைக்கிறோம். 2014-ல் மாருதி செலேரியோவோடு பரவிய ஏ.எம்.டி.யில் இருப்பது வழக்கமான உலர்ந்த கிளட்ச்தான். காலுக்குப் பதில் ஓர் இயந்திரக் கை அதை மிதிக்கிறது. இரட்டைக் கிளட்ச் வண்டிகளில் கிளட்ச் இரண்டு. சி.வி.டி.யில் பட்டையும் கப்பியும். உராயும் கிளட்ச் எவ்வளவு நழுவினாலும் முறுக்குவிசையைப் பெருக்காது. எஞ்சின் கொடுத்ததை அப்படியே கடத்தும். அதே ஏற்றத்தில் அதற்கு 15 போதாது, 30 வேண்டும். 1,000 ஆர்.பி.எம்.மில் ஹாஃப் கிளட்சில் பிடித்து நின்றால் சுமார் மூன்று கிலோவாட் சூடு ஒரு மெல்லிய தகட்டில் இறங்குகிறது. நெல்லியாம்பதி வளைவுகளில் மூக்கைத் துளைக்கும் கருகிய வாசனை அதுதான். கன்வெர்ட்டர் வண்டியில் இரண்டு கிலோவாட்டுக்கும் குறைவு. அதுவும் எண்ணெயில் கலந்து குளிர்விப்பானுக்குப் போய்விடுகிறது, எந்தத் தகடும் தேய்வதில்லை. ஏற்றத்தில் பின்னால் உருளாமல் பிரேக்கைப் பிடித்துவைக்கும் வசதி இப்போது எல்லா வண்டியிலும் வந்துவிட்டதே என்று கேட்பார்கள். அது இரண்டு விநாடி பிடித்துக் கொடுக்கும். அதற்குப் பிறகு வண்டியை இழுக்கவேண்டியது கிளட்சேதான்.

அப்படியானால் நழுவல் எவ்வளவு கூடுதலோ அவ்வளவு நல்லதா? அமெரிக்காவில் நேர்க்கோட்டுப் பந்தயக்காரர்கள் சிறிய கன்வெர்ட்டரைப் பொருத்தி ஸ்டால் வேகத்தை 3,500, 4,000 என்று ஏற்றிக்கொள்கிறார்கள். எஞ்சினின் உச்ச வலுவில் கிளம்பிக் கால் மைலை முடித்துவிட்டு நிற்பவர்களுக்கு அது சரி. அரை மணி நேரம் தொடர்ந்து ஏறவேண்டிய வண்டிக்கு அது சூட்டைத் தவிர வேறெதையும் தராது. மிகக் குறைந்த ஸ்டால் வேகமும் கேடுதான். இன்றைய சிறு டர்போ எஞ்சின்கள் 1,500-க்குக் கீழே உயிரற்றுக் கிடப்பவை; வளைவில் இரண்டாம் கியரில் 1,100-க்கு இறங்கிவிட்ட மேனுவல் டீசல் வண்டி எவ்வளவு மிதித்தாலும் முக்கிக்கொண்டே நிற்பது இந்தச் சாலைகளில் அன்றாடக் காட்சி. சக்கரம் மெதுவாகச் சுழன்றாலும் எஞ்சின் மட்டும் 1,800-க்கு ஏறி டர்போவை எழுப்பிக்கொள்ள நழுவல் இடம் கொடுக்கிறது. எஞ்சின் விழிக்கும் வேகத்துக்குச் சற்று மேலே ஸ்டாலை வைப்பதே நல்ல வடிவமைப்பு. அதற்கு ஒரு படி கீழே வைத்தால் இழுவை போகும், பல படி மேலே வைத்தால் சூடு கூடும்.

நெல்லியாம்பதிக்குத் தெற்கே காடு. இடுக்கி மாவட்டத்துக்குப் போக மலையிலிருந்து இறங்கி, கொல்லங்கோடு வழியாகப் பொள்ளாச்சி, உடுமலை என்று தமிழ்நாட்டுக்குள் ஒரு வட்டமடித்துச் சின்னாறில் மறுபடி கேரளத்தைத் தொடவேண்டும். மழை மறைவுப் பிரதேசமான சின்னாறின் முட்காட்டிலிருந்து மறையூரின் சந்தனமரங்கள் வழியாக மூணாறு வரை ஏறும்போது வேறொன்று மாறுகிறது: காற்று. மூணாறு சுமார் 1,500 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. அங்கே காற்றின் அடர்த்தி கடல்மட்டத்தைவிட ஏறக்குறைய ஏழில் ஒரு பங்கு குறைவு. டர்போ இல்லாத பெட்ரோல் எஞ்சின் தன் முறுக்குவிசையில் அதே பங்கை இழக்கும். கொச்சியில் 2,200 காட்டும் வண்டி மூணாறில் ஸ்டால் சோதனை செய்தால் 2,040-ஐ ஒட்டிக் காட்டும். சோதனையின் பாடப்படி எண் குறைந்தால் எஞ்சின் சோர்ந்திருக்கிறது, அல்லது ஸ்டேட்டரின் ஒருவழிக் கிளட்ச் பிடிப்பதில்லை. எண் கூடினால் கியர்பெட்டிக்குள் கிளட்சுகள் வழுக்குகின்றன. மலையூரில் நோய் இல்லாத வண்டியிலும் முதல் அறிகுறி தென்படும். உயரத்தைக் கணக்கில் எடுக்காமல் கியர்பெட்டியைப் பிரிப்பது வீண் செலவு.

இந்த மலைக்குச் சுமையை ஏற்றி இறக்கும் கேள்வி புதிதில்லை. 1902-ல் மூணாறிலிருந்து டாப் ஸ்டேஷன் வரை ஒற்றைத் தண்டவாளப் பாதை போட்டார்கள், மாடுகள் இழுத்தன. 1908-ல் அது சிறு ரயிலானது, 1924 வெள்ளத்தில் அழிந்தது. டாப் ஸ்டேஷனிலிருந்து கொட்டகுடிக்குத் தேயிலைப் பெட்டிகள் கம்பிவடத்தில் தொங்கி இறங்கின. பின்னால் வந்தவை ஜீப்புகள். தேனி மாவட்டத்திலிருந்து ஏலத்தோட்டத் தொழிலாளர்களை ஏற்றிக்கொண்டு விடியும் முன்பே மெட்டு ஏறுபவையும், சூரியநெல்லியிலிருந்து கொழுக்குமலைக்குப் பாறைமேல் தவழ்பவையும் அவைதாம். நழுவல் இல்லாமல், கன்வெர்ட்டர் இல்லாமல் அவை ஏறவில்லையா என்ற கேள்விதான் எல்லாவற்றிலும் கனமான மறுப்பு. ஏறுகின்றன. கன்வெர்ட்டர் செய்யும் பெருக்கத்தை அங்கே தாழ்கியர்ப் பெட்டி செய்கிறது, மீதியை ஓட்டுநரின் இடது கால் செய்கிறது. அந்தக் கால் பல ஆண்டு பழகிய கால். என் வாதம் அந்தத் திறமைக்கு எதிரானது இல்லை. அந்தத் திறமை எல்லார் காலிலும் இருக்கும் என்று எதிர்பார்ப்பதற்கு எதிரானது. வருடத்துக்கு ஒருமுறை குடும்பத்தோடு மலையேறும் ஒருவருக்கு அதே பாதுகாப்பை எண்ணெயும் மூன்று தகட்டுச் சக்கரங்களும் தருகின்றன என்றால் அதைக் குறை என்று சொல்ல மனம் வரவில்லை.

கன்வெர்ட்டரை அதன் முழு உருவில் பார்க்க மூணாறிலிருந்து போடிமெட்டு போகும் தேசிய நெடுஞ்சாலை 85-ல் கேப் ரோடு சரியான இடம். சாலையை அகலப்படுத்தியபோது 2019, 2020 மழைக்காலங்களில் மலை பெயர்ந்து விழுந்த இடம் அது. விழுந்ததை அள்ள வந்த ஜேசிபிகளில் டார்க் கன்வெர்ட்டர் இருக்கிறது. ஆபரேட்டர் பக்கெட்டை மண்குவியலுக்குள் செலுத்துகிறார். குவியல் அசையாது, சக்கரம் நிற்கிறது, எஞ்சின் மட்டும் உறுமுகிறது, தள்ளும் விசை குறைவதே இல்லை. பிறகு மண் நெகிழ்கிறது, வண்டி ஓரடி முன்னேறுகிறது, மறுபடி நிற்கிறது. காரில் ஒரு நொடி வந்துபோகும் ஸ்டால், இங்கே நாள் முழுவதும் செய்யும் வேலை. உராயும் கிளட்ச் இருந்தால் ஒரு பொழுதில் கருகிவிடும். நழுவல் குறை என்றால், குறையைக் கொண்டே ஒரு தொழில் முழுவதும் நடக்கிறது.

பூப்பாறை தாண்டிப் போடிமெட்டிலிருந்து கீழே பார்த்தால் பதினேழு கொண்டை ஊசி வளைவுகளும் போடி சமவெளியும் விரிகின்றன. இங்கே கன்வெர்ட்டர் தோற்கிறது, அதை மறைக்கக்கூடாது. இறக்கத்தில் சக்கரம் எஞ்சினைத் தள்ளவேண்டும். அப்போது டர்பைன் பம்பாகவும் பம்ப் டர்பைனாகவும் வேடம் மாற்றிக்கொள்கின்றன. தகடுகளின் வளைவு அதற்காக அமைந்ததில்லை. லாக்-அப் பூட்டியிருக்கும்வரை எஞ்சின் பிடிப்பு கிடைக்கும். வளைவுக்காக வேகம் குறைந்ததும் லாக்-அப் திறந்துகொள்ள, எங்கே பிடிப்பு வேண்டுமோ அங்கேயே அது தளர்கிறது. 1,800 கிலோ வண்டி ஆயிரம் மீட்டர் இறங்கும்போது சுமார் ஐந்து யூனிட் மின்சாரத்துக்குச் சமமான சக்தியைக் கைவிட்டாக வேண்டும். லீவரை ‘டி’யிலேயே விட்டுவிட்டு இறங்குபவரின் வண்டியில் அந்த ஐந்து யூனிட்டும் பிரேக் தட்டுகளில் சூடாகிறது. முதல் அல்லது இரண்டாம் கியரைக் கையால் போட்டு இறங்கினால், நழுவினாலும் எஞ்சின் ஒரு பங்கை வாங்கிக்கொள்ளும். மின்சார வண்டி இந்த இடத்தில் எல்லாரையும் வெல்கிறது, இறங்கும் சக்தியில் பெரும்பங்கைப் பாட்டரிக்குத் திருப்பிவிடுகிறது. அதுவும் ஏற்றத்தில் மிதியை அழுத்தியே அசையாமல் நின்றால் மோட்டார்ச் சுருளில் சூடாகத்தான் செய்யும்.

போடியிலிருந்து கம்பம் பள்ளத்தாக்கின் திராட்சைத் தோட்டங்கள் வழியே கூடலூர், லோயர் கேம்ப். அங்கிருந்து குமுளி ஏற்றம். கார்த்திகை, மார்கழியில் சபரிமலைக்குப் போகும் வண்டிகள் சேர்ந்துகொள்ளும். கூட்டம் மிகுந்த நாள்களில் ஒரு பகுதியைக் கம்பம்மெட்டு வழியாகத் திருப்பிவிடுவார்கள். எந்த வழியானாலும் நெரிசல் ஏற்றத்தில்தான் நிற்கும். கன்வெர்ட்டர் வண்டிக்காரர் செய்யும் ஒரே பெரிய தவறு இங்கே நடக்கிறது. பிரேக்கைத் தொடாமல் ஆக்சிலரேட்டரை லேசாக மிதித்தே வண்டியை ஏற்றத்தில் நிறுத்திவைக்கிறார். அது வசதியாக இருக்கிறது, வண்டியும் தடுப்பதில்லை. ஸ்டாலில் சூடு ஆர்.பி.எம்.மின் மூன்றாம் அடுக்கில் ஏறும். வேகம் இரட்டித்தால் சூடு எட்டு மடங்கு. 750-ல் இரண்டு கிலோவாட்டுக்குள் இருந்தது 1,500-ல் பதினைந்தை நெருங்குகிறது. முழு ஸ்டாலில், 2,200-ல் 200 நியூட்டன் மீட்டர் என்றால் 46 கிலோவாட். வாளித் தண்ணீரைச் சுடவைக்கும் ஒரு கிலோவாட் ராடு நாற்பத்தாறைக் கியர்பெட்டியின் ஐந்தாறு லிட்டர் எண்ணெய்க்குள் போட்டதற்குச் சமம். விநாடிக்கு நாலரை டிகிரி ஏறும். கால் நிமிடத்தில் 80 டிகிரி எண்ணெய் 150-ஐத் தொட்டுக் கெடத் தொடங்கும். பட்டறைகளில் ஸ்டால் சோதனையை ஐந்து விநாடிக்குமேல் நீட்டாதே என்று விதித்திருப்பது இதனால்தான். நெரிசலில் காலைப் பிரேக்குக்கு மாற்றினால் எஞ்சின் 750-க்கு இறங்கிவிடும், எண்ணெயும் தப்பிக்கும்.

அந்த ஏற்றத்தின் அருகிலேயே மலைமேலிருந்து பெரிய இரும்புக் குழாய்கள் இறங்குகின்றன. 1895-ல் கட்டி முடிந்த முல்லைப் பெரியாறு அணையின் தண்ணீர், மலையைக் குடைந்த சுரங்கத்தின் வழியாகக் கிழக்கே வந்து, அந்தக் குழாய்களில் விழுந்து, லோயர் கேம்ப் மின்நிலையத்தின் டர்பைன்களைச் சுழற்றிவிட்டுக் கம்பம் வயல்களுக்குப் போகிறது. ஃபோட்டிங்கர் எடுத்தெறிந்த நீளமான குழாய் இங்கே அப்படியே இருக்கிறது; பம்ப் மட்டும் இல்லை, அந்த வேலையை மேற்கே பெய்யும் மழை செய்துவிடுகிறது. குமுளி வளைவில் பிரேக்கை அழுத்தியபடி நிற்கும் வண்டிகளின் வரிசை ஒவ்வோர் அடியாக நகர, கீழே தண்ணீர் நிற்காமல் இறங்கிக்கொண்டிருக்கிறது.